தூவல்

தமிழில் இறகைச் சுற்றிப் பெயர்கள் பல. இறகு, சிறகு, சிறை, தூவி, பீலி, தோகை என்று நிகண்டு வழியில் அடுக்கிவிட்டு, எல்லாம் ஒன்றே எனக் கடந்துபோவது எளிது. ஒன்றல்ல என்பதே நம் எண்ணம். தனித்து உதிரக்கூடியது இறகு. இறகுகள் பல கூடிப் பறத்தலுக்கு உறுப்பாய் அமைவது சிறகு. மெல்லியது தூவி, நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு அணையாவது அன்னத்தின் தூவி. மயிலுக்கு உரியது பீலி. மென்மைக்கே பெயர்போன அந்தப் பீலியைக் கொண்டு வண்டியின் அச்சையே முறித்துக் காட்டினார் வள்ளுவர் (குறள் 475).

பொருள்கள் பறவையோடு நின்றுவிடவும் இல்லை. தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசைக்கும் சிறகு என்று பெயர். பழைய பத்திரங்களில் 'வடசிறகு', 'தென்சிறகு' எனக் குறித்திருப்பார்கள். வீதியை உடலாகவும் இருமருங்கு வீடுகளையும் விரிந்த சிறகுகளாகவும் கண்ட கண்கள் யாருடையவையோ! 'சிறை'யோ இன்னும் வியப்பு. பறக்க உதவும் உறுப்புக்கும், பறக்கவிடாமல் அடைக்கும் இடத்துக்கும் அதுவே பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன், திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடம் நடத்தினோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் நூல் அது. சிங்கன் பறவை பிடிக்கும் பகுதியை உரைநடையில் எழுதிவரச் சொன்னோம். புளியரைப் பக்கத்து மாணவன் ஒருவன், பறவைகள் எழுந்து போன பின் வயலில் 'தூவல்கள் உதிர்ந்து கிடந்தன' என்று எழுதி வகுப்பில் வாசித்தான். மற்றவர்கள் சிரித்தனர். "அது மலையாளம்லா" என்றது ஒரு குரல். அவன் அச்சொல்லை அங்கேயே அடித்துவிட்டான். பிறகு கேட்டபோது, "எங்க ஆச்சி அப்படித்தான் சொல்லும், சார்" என்றான்.

மலையாளத்தில் இறகுக்குத் தூவல் என்றே பெயர், உண்மைதான். ஆயினும் தமிழ் அகராதிகளிலும் தூவலுக்கு இறகு என்னும் பொருள் உண்டு. நீர்த்துளி என்பதும் அதன் பொருளே. குற்றாலத்தில் ஆனி, ஆடியில் நின்று பார்த்தவர்க்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அருவியிலிருந்து சிதறிக் காற்றில் மிதந்து வருவது துளியா இறகா எனச் சொல்ல முடியாது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் இறகாக நிலைத்த சொல், இப்பால் தூறலாகவும் தூவானமாகவும் உறவு பேணுகிறது. செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து இப்பக்கம் சேர்ந்தது. எல்லைக்கோடு ஒரே நாளில் இடம் மாறியது. ஆச்சிகளின் பேச்சு அப்படி மாறுமா?

இன்னொன்றும் உண்டு. எழுதுகோலைத் 'தூவல்' என்றே எழுதும் தனித்தமிழ் அன்பர்களை நாம் அறிவோம். அவர்கள் விலக்கும் 'பேனா' போர்ச்சுக்கீசியர் வழி வந்த சொல்; அம்மொழியிலும் அதற்கு முதற்பொருள் இறகுதான். ஐரோப்பியர் வாத்திறகைச் சீவி மை தொட்டு எழுதிய காலத்தின் எச்சம் அது. ஆக, ஓர் இறகை எடுத்துவிட்டு இன்னோர் இறகை வைக்கிறோம். ஏட்டறிந்தோர் எழுதினால் தூய தமிழாகும் அதே சொல், ஆச்சி சொன்னால் அயல்மொழியாகிவிடுகிறது.

அகராதியை வகுப்பில் விரித்து வாசித்துக் காட்டினோம். அவனை அச்சொல்லை மறுபடியும் எழுதச் சொன்னோம். எழுதினான். அருகிலேயே, கேட்காமல், அடைப்புக்குறிக்குள் 'இறகு' என்றும் சேர்த்திருந்தான். அந்த அடைப்புக்குறியை எடுக்க எந்த அகராதி உதவும் என்று தெரியவில்லை.