எழுத்தாணிக்குத் துணை வந்த கத்தி

திங்கள், கண்டி நகரம்

கண்டி இராச்சியக் காலத்தில் ஆடவர் இடுப்பில் செருகித் திரிந்த கத்தி சிங்களத்தில் 'பிஹியா' எனப்படும். அதனிலும் பெரிதாய், கிளை தறிக்கத் தகுந்த கனமுடையது 'கெத்த' எனப்படும். கலை வரலாற்று நூல்கள் இரு சொற்களையும் சேர்த்துப் 'பிஹா கெத்த' என்று வழங்குகின்றன. ஒற்றைப் புறம் மட்டும் கூர்மையுள்ள அலகும் தடித்த முதுகும் கொண்ட இக்கத்தியில், பிடியை ஒட்டிய பகுதியில் பித்தளையோ வெள்ளியோ பதித்து, அதன்மேல் கொடியும் இலையும் சுருண்டோடச் செதுக்கியிருப்பார்கள். பிடி கொம்பாலோ தந்தத்தாலோ ஆனது. உறையோ இரண்டு மரத்துண்டுகளை உட்புறம் குடைந்து, பொருத்தி, உலோகப் பட்டையால் கட்டியது. 'பட்டல் ஹத்தர', அதாவது நான்கு பட்டறைகள் என்று பெயர்பெற்ற அரச கைவினைக் கூடங்களில் இத்தகைய வேலைப்பாடுகள் நடந்தன. 1908இல் வெளிவந்த தமது இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் ஆனந்த குமாரசுவாமி கண்டிக் கைவினைஞரின் உலோக வேலையை விரிவாகப் பதிவுசெய்தார்.

செவ்வாய், மாத்தளை வீதி

இக்கத்திகள் பலவற்றின் உறையைக் கூர்ந்து பார்த்தால், அலகு நுழையும் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே மெல்லிய இன்னொரு பள்ளம் தென்படும். அது எழுத்தாணிக்கு உரியது. கண்டியில் எழுதுவதற்குப் பயன்பட்டது தாளிப்பனையின் குருத்தோலை. அதை அவித்து, உலர்த்தி, வழவழப்பாக்கி, ஓரத்தை ஒரே அளவில் நறுக்கிய பிறகே எழுத்தாணி அதன்மேல் இறங்கும். கீறிய கோடுகளில் கரியும் எண்ணெயும் தேய்த்துத் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குப் புலப்படும். கத்தியின்றி ஓலை இல்லை, ஓலையின்றி எழுத்து இல்லை என்பதால், கத்தியும் எழுத்தாணியும் ஓருறையில் வாழ்ந்ததில் வியப்பில்லை. மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் இவ்வெழுத்துமுறை இன்றும் வருவோருக்குச் செய்துகாட்டப்படுகிறது.

தமிழகத்தில் ஓலை எழுதுவோரிடமும் இதே ஏற்பாடு இருந்தது. வாரெழுத்தாணியின் ஒரு முனை எழுத, மறுமுனைக் கத்தி ஓலையை வார. மடக்கெழுத்தாணி என்பதோ பிடிக்குள் மடங்கி அடங்குவது. மடியில் வைத்தால் குத்தாத அந்த மடக்கெழுத்தாணியே தமிழரின் பழைய சட்டைப்பைக் கத்தி எனலாம். ஐரோப்பாவிலும் இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பிறந்ததே 'பேனாக்கத்தி'; பேனா மாறிய பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. மூன்று நிலங்களிலும் அன்றாடக் கத்தியை இடுப்புக்குக் கொண்டுவந்தவற்றுள், போரைப் போலவே எழுத்துக்கும் இடமுண்டு.

புதன், சந்தை

எழுத்துக்கு அடுத்து, கத்தியைக் கையோடு வைத்திருக்கச் செய்தது வெற்றிலை. வட்டுவப்பை என்பது வாய்ச்சுருக்குக் கயிறுள்ள துணிப்பை. அதனுள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புச் சிமிழ் ஆகியவற்றோடு பாக்குவெட்டியும் இருக்கும். சிங்களத்தில் 'கிரய' எனப்படும் இக்கருவியில் ஒரு புறமே அலகு. மறுபுறம் பாக்கைத் தாங்கும் தட்டை. காய்ந்த கொட்டைப்பாக்கைக் கத்தியால் வெட்டப்போனால் உருண்டு விரலைப் பதம்பார்க்கும் என்பதாலேயே இரு கால் கொண்ட தனிக்கருவி தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தார் 'வில்லுக்கத்தி' என்னும் மடக்குக்கத்தியோ பச்சைப்பாக்குச் சீவ, மாங்காய் அரிய, கயிறு அறுக்க என எல்லாவற்றுக்கும் ஈடுகொடுப்பது.

வியாழன், ஹந்தானை

கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில், 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் இப்போது தேயிலை அருங்காட்சியகமாக உள்ளது. இம்மலைகளில் அலங்காரமற்ற மற்றொரு கத்திக்குத் தமிழ்ப்பெயர் உண்டு: கவ்வாத்துக் கத்தி. கொழுந்து எடுக்கும் கைக்கு எட்டாமல் செடி ஓங்கிவிடாதபடி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டித் தாழ்த்துவதே கவ்வாத்து. வெட்டு சாய்ந்து விழுந்தால்தான் மழைநீர் தங்காது வழியும். மொட்டை அலகால் வெட்டினால் பட்டை கிழிந்து, புண்ணின் வழி கிளை அழுகும். எனவே வளைந்த அந்த அலகைத் தீட்டுகல்லில் தேய்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். இதன் அழகு செதுக்கலில் இல்லை, வெட்டுவாயில் மட்டுமே உண்டு.

வெள்ளி, தலதா மாளிகை

1998 ஜனவரி 25ஆம் நாள் இங்கு நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு மாளிகைக்குள் நுழைவோர் சோதனைக்கு உட்படுகின்றனர். பேனாக்கத்தி உள்ளவர் அதை வெளியே விட்டுச் செல்வதே முறை. மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலத்திலோ, கோயில் நிர்வாகிகளான நிலமேமாரின் பாரம்பரிய உடையில் இடுப்புக்கத்தியும் ஓர் அணியாக இடம்பெறுகிறது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது போன பொருள்களுள் ஆறு, லெவ்கே பீரங்கி எனப்படும் பீரங்கியும் ஒரு சிங்களக் கத்தியும் உட்பட, ஆம்ஸ்டர்டாமிலுள்ள அருங்காட்சியகத்திலிருந்து 2023 டிசம்பரில் இலங்கைக்கு மீண்டன. திரும்பி வந்த கத்தி கண்ணாடிப் பேழைக்குள் வீற்றிருக்கிறது. அதனால் அறுபட ஓலையோ பாக்கோ இனி வரப்போவதில்லை.

சனி, நகரத் தெரு

வாரத்தின் குறிப்புகளை ஒருங்கே வைத்துப் பார்க்கையில் ஒன்று விளங்குகிறது. வெள்ளிப்பூண் கட்டிய கத்தி, அது துணை நின்ற ஓலையெழுத்து ஓய்ந்ததும் காட்சிப்பொருளாயிற்று. பூணில்லாத கவ்வாத்துக் கத்தியும் பாக்குவெட்டியும், செடியும் வெற்றிலையும் இருக்கும்வரை கையை விட்டுப் போவதில்லை. பாரம்பரியக் கத்தியொன்றை அன்றாடம் எடுத்துச் செல்ல விரும்புவோர் முதலில் தேட வேண்டியது, அதற்குத் தினமும் கொடுக்கக்கூடிய வேலையை. அது கிடைத்தபின் தீட்டுகல்லும், ஈரம் துடைக்க ஒரு துணியும், அலகில் தடவச் சிறிது தேங்காயெண்ணெயும் போதும்.