மூணு தண்ணி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் கறி. வாங்கி வருவது அவர் வேலை, கழுவுவது என் வேலை. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறே அத்தை சொல்லிக்கொடுத்தார்: "மூணு தண்ணி கழுவும்மா. மூணாவது தண்ணி தெளிவா இருக்கணும்." மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டுப் பிசைந்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் கழுவுவேன்.

மகனுக்கு ஆறு வயது இருக்கும்போது, ஒரு ஞாயிறு கோழிக்குழம்பு சாப்பிட்டு இரண்டாம் நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவர் கேட்டார்: "கறிய ஒழுங்கா கழுவினியா, இல்லையா?" அத்தை எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனமும் அதே கேள்விதான். அதன்பிறகு நான் நாலு தண்ணி கழுவ ஆரம்பித்தேன்.

நுண்ணுயிரியல் படிக்கும் மகள் போன வருஷம் விடுமுறையில் வந்தபோது, ஒரு ஞாயிறு குழாயை மூடினாள். "கழுவாதம்மா. கிருமி போகாது, தெறிக்கத்தான் செய்யும்."

சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்றவை கோழியின் குடலில் இருப்பவை. குடலை எடுக்கும்போது அவை கறியில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் அவற்றைக் கொல்வதில்லை. தெறிக்கும் துளிகளோடு அவை தொட்டிக்கும் மேடைக்கும் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்துக்கும் போகின்றன. மஞ்சளையும் உப்பையும் நம்ப முடியாது. கொல்வது சூடுதான். துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். நன்றாகக் கொதித்து வெந்த குழம்பு அதைத் தாண்டிவிடும்.

அப்போதுதான் எனக்கு வெங்காயப் பச்சடி நினைவுக்கு வந்தது. தொட்டியோரத்தில்தான் எப்போதும் நறுக்கி வைப்பேன். மகனைப் படுக்கவைத்தது அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நான் குறைவாகக் கழுவியதால் அல்ல.

மகள் இன்னொன்றும் சொன்னாள். நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சுவார்களே, அந்த அகர்மேல்தான் ஆய்வகத்தில் பாக்டீரியாக்களை வளர்க்கிறார்கள். 1881 வாக்கில் அந்த யோசனையைச் சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸி. ஜெலாட்டின் சூட்டில் உருகுகிறதே என்று கணவர் தவித்தபோது, தன் சமையலறை ஜெல்லி உருகுவதில்லை என்று சொன்ன பெண். 1882-ல் ராபர்ட் கோக் எழுதிய காசநோய்க் கட்டுரையில் அகர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. சமையலறையிலிருந்து போன அறிவுக்குப் பெயர் போடாதவர்கள், அங்கிருந்து நோய் வந்தால் மட்டும் உடனே ஒரு பெயரைப் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்த ஞாயிறு நானும் கடைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. உரிப்பது, குடல் எடுப்பது, துண்டு போடுவது எல்லாம் ஒரே கட்டையில், ஒரே கத்தியில். கத்தியைத் துடைக்க ஒரே துணி. கைகழுவ ஒரு வாளித் தண்ணீர், அது சிவந்திருந்தது. கறி வெட்டிய கைதான் சில்லறையும் எண்ணியது. வாங்கியவர்கள் பையை வண்டியில் மாட்டிவிட்டு எதிரே டீக்கடையில் நின்றார்கள். அவரும் அப்படித்தான் நின்றிருப்பார். வெயிலில் தொங்கும் அந்த நேரத்தில் பாக்டீரியா பெருகிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தபின் எத்தனை தண்ணி என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி.

"கட்டையக் கழுவிட்டு வெட்டுங்க தம்பி" என்றேன்.

"வீட்ல போய் நல்லா கழுவிக்குங்கக்கா" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கடையில் குழாய் இல்லை, சாக்கடை வசதி இல்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், விற்கும் உணவு பாதுகாப்பானதா என்று பார்க்கும் பொறுப்பை விற்பவரிடம் கொடுத்திருக்கிறது. சந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதும் கழிவை அள்ளுவதும் உள்ளாட்சியின் வேலை. இவர்கள் எல்லோரும் விட்டதை என் தொட்டியில் நான் ஒருத்தி கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது மூடி போட்ட தூக்கோடு அவர் போகிறார். டீ குடிக்காமல் திரும்புகிறார். கட்டையைக் கழுவச் சொல்வதும் அவர் வேலை. கறியை நேராகச் சட்டியில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கைகழுவுகிறேன். பச்சடிக்கு வேறு கத்தி, வேறு பலகை.

போன வாரம் அத்தை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "கழுவலையா?"

"இல்லத்தை" என்றேன். "கடைக்காரரக் கழுவச் சொல்லியிருக்கோம்."