நெஞ்சில் தாங்கும் பெயர்



ஊர்ப் பிள்ளைகள் பந்து விளையாடுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு பந்தும் ஒரு திடலும் போதும். அதே பிள்ளைகள் ஓர் அணியாகத் திரண்டு வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்லத் தொடங்கும்போதுதான் செலவைப் பற்றிய கவலை எழுகிறது. அந்தச் செலவை ஏற்கும் புரவலரைத் தேடிக் கடைவீதியில் அலைந்த சில வாரங்களில் மார்க்கத்தைப் பற்றியும் வணிகத்தைப் பற்றியும் அறிந்துகொண்டவற்றை இங்கே பகிர விரும்புகிறேன். தங்கள் ஊரிலும் இத்தகைய அணி ஒன்று இருக்கக்கூடும். தங்கள் மகனே அதில் ஆடிக்கொண்டிருக்கவும் கூடும்.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊர்களுக்குக் கால்பந்து புதிதன்று. காயல்பட்டினத்தில் மௌலானா அபுல்கலாம் ஆசாத் பெயரால் அகில இந்திய அளவிலான போட்டி பல்லாண்டுகளாக நடைபெற்று வருவதை நம்மில் பலர் அறிவோம். எங்கள் அணி அத்தனை பெரியதன்று. பதினெட்டுப் பேர். அவர்களுள் பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் உண்டு; மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதும் இளைஞர் ஒருவரும், அடுத்த கடற்கரைத் தெருவைச் சேர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகள் இருவரும் உண்டு. அஸர் தொழுகைக்குப் பின் ஆட்டம் தொடங்கும். மக்ரிப் பாங்கு ஒலித்தால் பந்து நின்றுவிடும். பயிற்சியையும் வரவு செலவையும் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது.

முதலில் தேவையைக் கணக்கிட்டோம். திருப்பூரில் தைத்து வரும் சீருடை, முழங்கால் மறையும் காற்சட்டையுடன் ஒரு செட் 450 ரூபாய். 18 செட்டுக்கு 8,100. பந்து மூன்று, 3,600. நான்கு போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் 6,000. நான்கு பயணங்களுக்கு வேன் வாடகை 16,000. கோல்கீப்பரின் கையுறை, முதலுதவிப் பெட்டி, குடிநீர் என 2,300. ஆக மொத்தம் ஆண்டுக்கு 36,000 ரூபாய். இதில் ஆளுக்கு 500 ரூபாய் வீதம் 9,000 ரூபாயைப் பிள்ளைகளே சேர்ப்பதென்று முடிவாயிற்று. தம் கையிலிருந்து ஒன்றும் போடாமல் பிறரிடம் கேட்பது முறையன்று என்பது அவர்களின் எண்ணம். எஞ்சிய 27,000 ரூபாய்க்கே புரவலர் தேவைப்பட்டார்.

கேட்கச் சென்ற முதல் சில இடங்களில் கிடைத்தது பணமன்று, அறிவுரை. "பந்தாட்டத்துக்கா காசு? மதரஸாவுக்குக் கேளுங்க, தாறேன்" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் விளையாட்டை மார்க்கத்திற்கு அயலானதாகக் கருத வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டை நிகழ்த்தியபோது அதை ஆயிஷா (ரலி) அவர்கள் காண இடமளித்ததையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். மாலை நேரத்தில் திடலில் இல்லாத பிள்ளை மதரஸாவில் இருப்பான் என்பதற்கு உறுதியில்லை. பெரும்பாலும் கைப்பேசியில்தான் இருப்பான். இணையவழிச் சூதாட்டம் குடும்பங்களைச் சீரழித்ததைக் கண்டே தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சுழலுக்குள் விழாதிருக்க ஒரு பந்து உதவுமாயின், அதற்கான செலவும் நற்செலவே.

எங்கள் தெருப் பள்ளிவாசலின் இமாம் இன்னொரு கோணத்தைக் காட்டினார். பங்கேற்கும் அணிகளிடம் கட்டணம் வாங்கி, அந்தத் தொகையையே வென்றவருக்குப் பரிசாக வழங்குவது சூதின் சாயலைப் பெற்றுவிடுகிறது என்றார். ஒவ்வோர் அணியும் தன் பணத்தைப் பணயமாக வைத்து, வென்றால் பிறர் பணத்தைப் பெறுகிறது. தோற்றால் தன்னுடையதை இழக்கிறது. மாறாக, போட்டியில் பங்குகொள்ளாத மூன்றாமவர் பரிசை வழங்கினால் அதில் தடையில்லை. கட்டணம் திடல் செலவுக்கும் நடுவர் ஊதியத்திற்கும் மட்டும் சென்றால் அதிலும் சிக்கலில்லை. இவ்விளக்கத்திற்குப் பின், எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதாயினும் பரிசுத்தொகை எங்கிருந்து வருகிறது என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்கிறோம். புரவலர் என்பவர் செலவைத் தாங்குபவர் மட்டுமல்லர். ஆட்டத்தைச் சூதிலிருந்து விலக்கி நிறுத்துபவரும் அவரே என்பது அப்போது விளங்கிற்று.

செல்வர் ஒருவர் தம் ஜகாத் தொகையிலிருந்து சீருடை வாங்கித் தருவதாக மனமுவந்து கூறினார். ஜகாத்தைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. கால்பந்துச் சட்டை அந்த எட்டில் அடங்காது. நன்றி கூறி, "மாமா, அதை உரியவங்களுக்கே கொடுத்துருங்க" என்று சொல்லி வந்தோம். அவரும் வருத்தப்படவில்லை.

உண்மையான சோதனை அதன் பிறகே வந்தது. நகைக்கடன் வழங்கும் ஒரு நிதி நிறுவனத்தின் கிளை மேலாளர் தாமாகவே எங்களை அழைத்தார். சட்டையின் மார்பில் நிறுவனத்தின் பெயர், திடலில் இரண்டு பதாகைகள். அதற்கு ஈடாக 50,000 ரூபாய். எங்கள் தேவை முழுவதையும் அடைத்து, காலணி வாங்கவும் மிச்சமிருக்கும் தொகை. கிழிந்த காலணியுடன் ஆடும் பிள்ளைகள் எங்களிடம் நால்வர் இருந்தனர்.

அன்று மாலை திடலோரத்தில் அமர்ந்து மஷூரா செய்தோம். அணித்தலைவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "காக்கா, நாம வட்டி வாங்கவும் இல்ல, கொடுக்கவும் இல்ல. பேரு சட்டையில இருக்கு, அவ்வளவுதானே?" கேள்வி நேர்மையானது. விளம்பரம் என்பது அழைப்பு. நாம் செய்யாத ஒன்றைச் செய்யுமாறு பிறரை அழைப்பது எப்படிச் சரியாகும் என்று பதில் சொல்ல நான் எண்ணினேன். வட்டியை வாங்குபவரோடு கொடுப்பவரையும், எழுதுபவரையும், சாட்சி நிற்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்தே எச்சரித்த செய்தியும் நினைவில் வந்தது. ஆனால் நான் வாய் திறக்குமுன் எங்கள் கோல்கீப்பர் பேசினான். மிகக் குறைவாகப் பேசும் பிள்ளை அவன்.

"எங்க உம்மாவோட சங்கிலி அந்த ஆபீஸ்லதான் இருக்கு. ரெண்டு வருசமா மீட்க முடியல. அந்தப் பேர நெஞ்சுல போட்டுட்டு நான் வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்?"

அதற்கு மேல் எவரும் பேசவில்லை. மறுநாள் காலை மேலாளரை நேரில் கண்டு, மரியாதையுடன் மறுத்துவிட்டு வந்தேன். அவரும் சம்பளத்துக்கு உழைக்கும் மனிதர், கோபிக்கவில்லை. அவசரத்துக்கு நகையை அடகு வைக்கும் தாய்மாரைக் குறைகூறுவதும் என் நோக்கமன்று. நெருக்கடியில் அவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க நம் மஹல்லாவில் ஏற்பாடு இல்லை என்பதே நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

இத்தகைய தடுமாற்றம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணிக்கு மது நிறுவனம் புரவலராக இருந்த காலத்தில், ஹாஷிம் ஆம்லா அந்தச் சின்னம் இல்லாத சட்டையை அணிந்தே ஆடினார். 2013இல் ஆஸ்திரேலிய அணிக்குத் தேர்வான ஃபவாத் அஹ்மதும் அவ்வாறே மதுச் சின்னமின்றி ஆட இசைவு பெற்றார். ஸ்பெயினின் செவிய்யா அணிக்காக ஆடிய ஃப்ரெடரிக் கனூட்டே 2006இல் சூதாட்ட நிறுவனத்தின் பெயரைத் தாங்க மறுத்தார். கடன் நிறுவனத்தின் பெயரை அணிய 2013இல் மறுத்த நியூகாசில் வீரர் பாப்பிஸ் சிஸ்ஸே பின்னர் இசைந்தார். எல்லாருக்கும் நிலைமை ஒன்றாக அமைவதில்லை. பிறரின் முடிவுகளுக்குத் தீர்ப்பு எழுதுவதும் நம் பணியன்று.

சூதாட்டப் பணத்தின் மீது ஐயம் கொண்டவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். சட்டையின் முன்புறத்தில் சூதாட்ட நிறுவனங்களின் பெயரை 2025-26 பருவத்தோடு நிறுத்திக்கொள்ள இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அணிகள் 2023இல் தாமே முடிவெடுத்தன. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியதும், நம் தேசியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து டிரீம்11 என்னும் பெயர் நீங்கிற்று. உலகப் பெரும் அணிகளே யாருடைய பெயரைத் தாங்குவது என்று எண்ணிப் பார்க்கின்றபோது, தெருவோர அணி எண்ணிப் பார்ப்பதில் வியப்பில்லை.

மறுப்பது ஒரு நாளில் முடிந்துவிடும். அந்த இடத்தை நிரப்பும் வழியைத் தேடுவதே நீண்ட வேலை. அதன்பின் எங்கள் அணுகுமுறையை மாற்றினோம். "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, ஒரு பக்கத்தில் விவரம் எழுதிக்கொண்டு போனோம். அணியில் யார் யார், ஆண்டுக்கு எத்தனை போட்டி, எந்தெந்த ஊர்களில், கடைப் பெயர் எங்கே இடம்பெறும், தொகை எதற்குச் செலவாகும் என்பன அதில் இருந்தன. இரக்கத்தை எதிர்பார்த்துச் செல்பவரிடம் வணிகர் சில்லறை தருவார். தெளிவோடு செல்பவரிடம் உட்கார்ந்து பேசுவார்.

கடைவீதியில் இரும்புப் பொருள்களும் பெயிண்டும் விற்கும் அண்ணாச்சி அவ்வாறு உட்கார வைத்துப் பேசினார். இரண்டு கேள்விகள் கேட்டார். "பாய், உங்க டீம்ல எல்லாப் பிள்ளைகளும் ஆடலாமா?" ஆடலாம் என்றும், இப்போதே ஆடுகிறார்கள் என்றும் சொன்னேன். இரண்டாவது கேள்வி சற்றுக் கடுமையானது. "ஆட்டத்துல அடிதடின்னு வந்துட்டா நாறப்போறது என் கடைப் பேருல்லா?"

அவர் கேட்டது வெற்றிக்கான உத்தரவாதம் அன்று, ஒழுக்கத்திற்கான உத்தரவாதம். முப்பது ஆண்டுகள் நாணயமாக நடத்திய கடையின் பெயரைப் பதினேழு வயதுப் பிள்ளைகளின் முதுகை நம்பி ஒப்படைக்கிறார். யாருடைய பெயரை நாம் சுமப்பது என்று நாங்கள் யோசித்ததைப் போலவே, தம் பெயரை யார் சுமப்பது என்று அவரும் யோசிக்கிறார். இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். நடுவரிடம் வாதிடுபவரும் எதிரணியினரை ஏசுபவரும் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வேண்டும் என்ற விதியை அவர்களே எழுதிக் கையொப்பமிட்டனர். அந்தத் தாளையும் அண்ணாச்சியிடம் கொடுத்தோம். 12,000 ரூபாய் தந்தார்.

ஊர் முனையில் உணவகம் நடத்தும் சகோதரர் ஒருவர் 7,000 ரூபாய் தந்தார். அவர் கடைப் பெயர் சட்டையின் பின்புறம் இடம்பெற்றது. வேன் உரிமையாளர் ஒருவரிடம் பணமாகத் தர இயலவில்லை. "ரெண்டு ட்ரிப் சும்மா வாறேன் காக்கா, டீசலும் நானே போட்டுக்கிறேன்" என்றார். அது 8,000 ரூபாய்க்குச் சமம். ஆக, 27,000 ரூபாயும் நிறைந்தது. ஒரே பெரும்புரவலரைத் தேடியிருந்தால் இந்த மூவரையும் நாங்கள் கண்டிருக்க மாட்டோம். காலணி மட்டும் நிறைவேறவில்லை. மூத்த வீரர்கள் தம் பழைய காலணிகளைத் தைத்து இளையவர்களுக்குக் கொடுத்தனர்.

மூவருடனும் பேசியதை எழுத்தில் பதிந்தோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). இது கடன் அன்று என்றாலும் அந்த ஒழுங்கு இதற்கும் பொருந்தும். பருவம் முடிந்ததும் செலவுச் சீட்டுகளை ஒரு கோப்பில் ஒட்டி, 640 ரூபாய் மீதமிருப்பதைக் காட்டி, மூவரிடமும் கொண்டுசென்றோம். அந்த ஆண்டு எங்களுக்குக் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. இரு போட்டிகளில் காலிறுதி வரை சென்றோம். மற்ற இரண்டில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அண்ணாச்சி தோல்வியைப் பற்றிக் கேட்கவேயில்லை. கணக்கை இருமுறை பார்த்துவிட்டு, "அடுத்த வருசமும் எழுதிக்கோங்க" என்றார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகன் அணியும் சட்டையைத் துவைத்துக் காயப்போடும்போது, அதில் எழுதியிருப்பது யாருடைய பெயர் என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அவனிடமும் கேளுங்கள். வணிகப் பெருமக்களுக்கும் ஒன்று. கையில் ஒரு தாளுடன் நான்கு பிள்ளைகள் உங்கள் கடைப்படி ஏறினால், பணம் தர இயலாவிட்டாலும் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசுங்கள். பேசவும், கணக்குக் காட்டவும், தேவைப்படும்போது மறுக்கவும் அவர்கள் அங்கேதான் பழகுகிறார்கள்.

நம் பிள்ளைகளின் உடலுக்கு வலிமையையும், உழைப்புக்கு ஹலாலான பொருளையும், அவர்களை நம்பிப் பெயர் தந்தவர்களின் வணிகத்தில் பரக்கத்தையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.