பேன் எங்கிருந்து வந்தது?

இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் இலண்டனிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்தாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. எவருக்கோ ஏதோ நேர்ந்துவிட்டதென்றே நினைத்துப் பதறினேன்.

"அப்பா, சின்னவளுக்குத் தலையிலை பேன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் சிரித்துவிட்டேன். ஆனால், தொலைபேசியை வைத்த பின்னர் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஒருவருக்கும் சொல்லாதே என்ற அதே வார்த்தையை 1986 இல் எங்கள் வீட்டு விறாந்தையில் நின்று நானும் சொல்லியிருக்கிறேன். ஊரார் கதையெல்லாம் எழுதிப் பிழைத்தவன், அதை மட்டும் எழுதாமல் இத்தனை காலம் கடத்திவிட்டேன். மகளின் அனுமதியோடு இப்போது எழுதுகிறேன்.

அக்காவின் குடும்பம் அந்நாட்களில் கந்தளாயில் வாழ்ந்தது. அத்தான் அங்குள்ள சீனித் தொழிற்சாலையில் லிகிதராகப் பணியாற்றினார். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டியதாக எங்கள் மரபு கூறும். இரண்டாம் அக்கபோதி கட்டியதாகச் சிங்கள வரலாறு கூறும். யார் கட்டியதாயினும், 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையில் அந்தக் குளக்கட்டு உடைந்தது. உறக்கத்திலிருந்தவர்கள் மீது வெள்ளம் பாய்ந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பில் எங்கள் பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு அந்தச் செய்தியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா உயிரோடிருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. தலைப்பு எத்தனை எழுத்தில் அடங்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழில் அப்படிப்பட்டது.

நான்காம் நாள் வந்து சேர்ந்தார்கள். அக்கா, அத்தான், இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு றெக்சின் பை. எங்களுடையதோ இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. மூன்று சிறுமிகளும் ஒரே பாயில், தலையோடு தலை முட்டப் படுத்து, விளக்கை அணைத்த பின்னரும் குசுகுசுத்துக் கொண்டிருப்பார்கள்.

மே மாதத்தின் முதல் வாரத்தில் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. பிள்ளையின் தலையைச் சுத்தம் செய்து அனுப்புமாறு அதில் எழுதியிருந்தது. அவள் அதற்கும் பல நாட்களுக்கு முன்பிருந்தே தலையைச் சொறிந்துகொண்டிருந்ததை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. விறாந்தையில் நின்று கடிதத்தை வாசித்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்: "இது கந்தளாயிலையிருந்து வந்த சாமான். ஒருத்தருக்கும் சொல்லாதை."

குசினியில் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவும் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் மீண்டும் தொடங்கியது.

அன்று பின்னேரமே பின்வாசற்படியில் அமர்ந்து, மடியில் வெள்ளைத்துணி விரித்து, மூன்று பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராக அழைத்துப் பேன் பார்த்தார். மாட்டுக்கொம்பிற் செய்த பேன்சீப்பு ஒன்று அவரிடம் இருந்தது. வெள்ளத்திலிருந்து தப்பிய பொருட்களில் அதுவும் ஒன்று. தேங்காயெண்ணெய் தடவி, மயிரை வகிர்ந்து வகிர்ந்து, ஈரையும் விடாமல் உருவி, கட்டைவிரல் நகங்களுக்கிடையில் வைத்து நசுக்குவார். "மண்ணெண்ணெய் பூசினால் ஒரே நாளில் முடியுமே" என்று மனைவி சொன்னபோது அக்கா மறுத்துவிட்டார். குப்பி விளக்கு எரிகின்ற வீடு. அவர் மறுத்தது எவ்வளவு சரி என்பதை, தீக்காயங்களுடன் வந்த பிள்ளைகளைப் பற்றிப் பின்னாளில் செய்தி எழுத நேர்ந்தபோது உணர்ந்தேன்.

பத்து நாட்கள் கழித்துக் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிட்டவாம். நானும் அதை நம்புவதுபோல் இருந்துவிட்டேன்.

இருபது ஆண்டுகள் சென்றன. 2006 ஆகஸ்டில் மூதூரில் போர் மூண்டது. அங்கிருந்து பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் மக்கள் கால்நடையாகவும் கிடைத்த வாகனங்களிலும் கந்தளாய்க்கு ஓடிவந்தார்கள். பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கூடாரங்களிலும் தஞ்சமடைந்தார்கள். செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஒரு வகுப்பறையில் நான்கைந்து குடும்பங்கள். மேசைகளை அடுக்கி எல்லை பிரித்திருந்தார்கள். எத்தனை மூடை அரிசி வந்தது, எத்தனை தண்ணீர் பவுசர் வந்தது என்று நான் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தபோது, ஒரு மூதாட்டி அருகில் வந்தார். பேத்தியைக் கையில் பிடித்திருந்தார்.

"தம்பி, அரிசி பருப்பெல்லாம் வருது. எங்களுக்கு ஒரு மறைப்புத்தான் இல்ல. முக்காட்டை எடுத்துப்போட்டுத் தலை வார ஓரிடமில்ல. புள்ளையள்ர தலையெல்லாம் பேன் புழுத்துப்போச்சு."

குடிக்கவே அளந்து தண்ணீர் கிடைக்கும் இடத்தில் தலை முழுகுவது எங்ஙனம்? ஆண்கள் நடமாடும் அறையில் வயதுக்கு வந்த பெண்கள் முக்காட்டைக் களைந்து எங்கே அமர்வது? ஒரு சேலையும் ஒரு கயிறும் இருந்தால் தீர்ந்துவிடும் குறைதான். ஆயினும் நிவாரணப் பட்டியல் எதிலும் அது இடம்பெற்றிருக்கவில்லை. என் செய்தியிலும் இடம்பெறவில்லை. குண்டு விழுந்த கதை எழுதுமிடத்தில் பேன் கதை எழுதினால் ஆசிரியபீடத்தில் சிரிப்பார்கள் என்று நானே வெட்டிவிட்டேன். "ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குபவர்கள்" என்று பத்திரிகைக்காரரைப் பழிப்பதுண்டு. அன்று நான் செய்தது அதற்கு நேர்மாறான பிழை.

இனி இலண்டனுக்கு வருகிறேன். அங்குள்ள தேசிய சுகாதாரச் சேவை, பேன் இருப்பதற்காகப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் மறிக்கத் தேவையில்லை என்கிறது. ஈரத்தலையில் கண்டிஷனர் பூசி, நெருங்கிய பற்களுள்ள சீப்பினால் முதலாம், ஐந்தாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் நாட்களில் வாரவேண்டும். பதினேழாம் நாள் மீண்டும் பார்க்கவேண்டும். ஈர் பொரிக்க ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடுதலாகச் செல்லும் என்பதால்தான் இந்த நாட்கணக்கு. அக்கா பின்வாசற்படியில் செய்ததும் ஏறக்குறைய இதுவேதான். கண்டிஷனருக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய். இஸ்ரேலின் லாகீஸ் என்னும் தொல்லியல் களத்தில் கிடைத்த தந்தச் சீப்பொன்றில், தலையிலும் தாடியிலும் உள்ள பேனை ஒழிக்க வேண்டும் என்ற வேண்டுதல் பொறிக்கப்பட்டிருப்பதை 2022 இல் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் பழைமையானதாம். அதன் பற்களிடையே பேனின் எச்சமும் இருந்ததாம். தந்தச் சீப்பு வைத்திருக்கக்கூடிய செல்வந்தர் தலையிலும் பேன் இருந்திருக்கிறது.

பேனுக்குச் சிறகில்லை, பாயவும் தெரியாது. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்லும், அவ்வளவுதான். அழுக்குத் தலை, சுத்தமான தலை என்ற பேதம் அதற்குக் கிடையாது. இவற்றையெல்லாம் மகள் வாசித்து வாசித்து எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் நான் அவளை நிறுத்தினேன்.

முதன்முறையாகப் பேன் தொற்றியவருக்கு உடனே அரிப்பதில்லையாம். பேனின் உமிழ்நீருக்கு உடல் ஒவ்வாமை கொள்ளவேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள்கூடச் செல்லுமாம்.

நாட்காட்டியை நினைவில் புரட்டினேன். அக்கா குடும்பம் வந்தது ஏப்ரல் 24. கடிதம் வந்தது மே முதல் வாரம். என் மகள் அதற்கும் முன்பே சொறியத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அதற்குமுன் பேன் வந்ததில்லை. அப்படியாயின், குளம் உடைவதற்கு முன்னரே, கொழும்பிலேயே, அவள் தலையில் பேன் குடியேறியிருக்கவேண்டும். வெள்ளத்தில் வீடிழந்து வந்த பிள்ளைகளின் தலைக்கு அது எங்கள் பாயிலிருந்துதான் போயிருக்கிறது. மூலத்தைச் சரிபாராமல் செய்தி எழுதாதே என்று எத்தனையோ இளம் நிருபர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான்.

அக்கா 2011 இல் காலமாகிவிட்டார். அவருடைய மூத்த மகள் மட்டக்களப்பில் இருக்கிறாள். பதினேழாம் நாள், பேத்தியின் தலையில் ஒன்றுமில்லை என்று மகள் அறிவித்த பின்னர், மருமகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏப்ரல், மே என்று நாட்கணக்கையெல்லாம் ஒப்புவித்தேன். அவள் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, கந்தளாயிலை எங்களுக்குப் பேன் இருக்கேல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா பாக்கிறவ. அது அவவுக்கு அப்பவே தெரியும். மாமாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு எங்களுக்குச் சொன்னவ."