ஆற்றின் சுதந்திரமும் கரையின் வரிசையும்

ஒல்லாந்தர் நீர்வழி கொண்டு வணிகம் வளர்த்தவர்கள். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் நோக்கி நீளும் கால்வாய், ஈழத்திலும் அவர்தம் நினைவைத் தாங்கி நிற்கின்றது. அவர்தம் தாயகத்திலோ நீர்வழி வணிகம் பழங்கதையாகிவிடவில்லை. ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகமாகிய றொட்டர்டாமில் இறங்கும் கொள்கலன்களிற் கணிசமானவை, லொறியில் ஏறாது தட்டையான சரக்குப் படகுகளில் ஏறி, றைன் நதிவழியே ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் செல்கின்றன. இப்படகுகளின் நிலையை நோக்குவோர், சுதந்திரம் என்ற சொல்லுக்கு வணிக உலகில் உள்ள பொருள் யாது என்பதையும் நோக்கவேண்டியவராவர்.

இடைக்காலத்தில் றைன் நதியிற் சென்ற வணிகர், கரைக்குக் கரை சுங்கம் செலுத்தவேண்டியிருந்தது. கௌப் என்னும் ஊரருகே ஆற்றின் நடுவிலேயே எழுப்பப்பட்ட சுங்கக் கோட்டை அக்கால வழக்கத்துக்கு இன்றும் சான்று பகர்கின்றது. இந்நிலை மாறுவதற்கு நீண்டகாலம் சென்றது. 1815இல் வியன்னா மாநாடு றைன் போக்குவரத்துக்கென ஓர் ஆணைக்குழுவைத் தோற்றுவித்தது. 1868இல் கைச்சாத்திடப்பட்ட மன்ஹைம் உடன்படிக்கை, பாசெல் நகரிலிருந்து கடல்வரை எல்லா நாட்டுக் கலங்களுக்கும் சுதந்திரமான போக்குவரத்தை உறுதிசெய்து, பயணத்தின் பேரில் வரி அறவிடுதலையும் தடைசெய்தது. 1872இல் பீற்றர் காலண்ட் என்ற பொறியியலாளரின் திட்டப்படி அமைந்த புதிய நீர்வழி, றொட்டர்டாமைக் கடலுடன் நேராக இணைத்தது.

1956இல் மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் 58 பெட்டிகளை ஒரு கப்பலிலேற்றி நியூவாக்கிலிருந்து ஹூஸ்ரனுக்கு அனுப்பினார். கொள்கலன் யுகம் இதிலிருந்து தொடங்கியதாகக் கூறுவர். 1970களில் றைன் நதியிலும் கொள்கலன் சேவைகள் வேரூன்றின. 110 மீற்றர் நீளமான படகொன்று இருபதடிப் பெட்டிக் கணக்கில் ஏறத்தாழ 200 பெட்டிகளைச் சுமக்கும். அதனினும் பெரியவை 400க்கு மேல் சுமப்பதுமுண்டு. பல லொறிகள் வீதியை விட்டு விலகுகின்றன என்பதே இதன் பயன். இப்படகுகளிற் பல குடும்பத்தொழிலாக நடத்தப்படுவன. கணவனும் மனைவியும் பின்தளத்து வீட்டிலேயே வாழ்வர். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளுக்கென ஒல்லாந்திலே விடுதிகள் உள்ளன.

பல நாட்டெல்லைகளைத் தடையின்றிக் கடந்து வரும் இத்தகைய படகு, றொட்டர்டாமை அடைந்ததும் காத்துநிற்கத் தொடங்குகின்றது. அதன் பெட்டிகள் ஒரே முனையத்துக்கு உரியவையல்ல. இங்கே பத்து, அங்கே இருபது எனப் பல முனையங்களை அது நாடவேண்டும். பல முனையங்களிற் கடற்கப்பலுக்கும் படகுக்கும் பாரந்தூக்கிகள் பொதுவானவை. 24,000 பெட்டிகள் வரை சுமக்கவல்ல, 400 மீற்றர் நீளமான கப்பல் தாமதித்து வந்து சேருமாயின், படகுக்கென ஒதுக்கிய நேரம் கப்பலுக்குப் போய்விடும். முதலாவது முனையத்திற் பிந்திய படகு இரண்டாவதிலும் தன் முறையை இழக்கும், மூன்றாவதிலும் அவ்வாறே.

கப்பல் பெரிது, அதனைக் காக்கவைப்பதாலாகும் செலவும் பெரிது. ஆதலால் அதற்கு முதலிடம் அளிப்பது இயல்பே எனலாம். இது ஓரளவு உண்மையே. ஆயினும் ஆழ்ந்து நோக்குமிடத்து வேறொரு காரணமும் புலனாகும். முனையம் ஒப்பந்தம் செய்வது கடற்கப்பல் நிறுவனத்துடன்; பெட்டியைக் கையாளும் கூலியும் அந்நிறுவனத்திடமிருந்தே கிடைக்கின்றது. படகை நடத்துபவருக்கும் முனையத்துக்கும் இடையே பொதுவாக ஒப்பந்தமில்லை. ஒப்பந்தமில்லாதவன் நட்டஈடு கேட்க முடியாது. வாடிக்கையாளன் அல்லாதவன் வேறிடம் செல்வேன் என அச்சுறுத்தவும் முடியாது. தாமதத்தின் செலவு அதனை விளைவித்தவரைச் சேராமல், தடுக்கும் வலிமையற்றவரைச் சேருகின்றது.

2017ஆம் ஆண்டு இவ்வுண்மை வெளிப்படையாகவே தெரிந்தது. அவ்வாண்டு கப்பல் நிறுவனங்களின் கூட்டணிகள் மாற்றியமைக்கப்பட்டன. யூன் மாதத்தில் நிகழ்ந்த கணினித் தாக்குதலொன்று றொட்டர்டாமின் சில முனையங்களை முடக்கியது. றொட்டர்டாமிலும் அன்ற்வேர்ப்பிலும் படகுகள் நாட்கணக்கிற் காத்துநின்றன. காத்திருப்பைச் சகிக்கமாட்டாத சரக்குகள் மீண்டும் லொறியை நாடின. நெரிசலைக் குறைக்கவல்ல கலமே நெரிசலுக்கு முதற்பலியாயிற்று. பின்னர் தரப்பினர் யாவரும் கூடிப் பரிகாரம் தேடினர். சிறு சுமைகளை உள்நாட்டிலேயே ஒன்றுசேர்த்து, ஒரு முனையத்துக்கு ஒரே தடவையிற் பெருந்தொகையாகக் கொண்டுவரும் முறை தோன்றியது. படகுகளினதும் முனையங்களினதும் நேரங்களை ஒருங்கே வகுக்கும் நெக்ஸ்ட்லொஜிக் என்ற நடுநிலைத் திட்டமிடலும் 2021இல் நடைமுறைக்கு வந்தது. இவை பயன்தரும் முயற்சிகளே. எனினும் கூலியும் ஒப்பந்தமும் பழைய வழியிலேயே செல்லுமளவும் நோயின் வேர் அப்படியே இருக்கும்.

இயற்கையும் படகோட்டியைச் சோதிப்பதுண்டு. 2018 ஒக்டோபரில் கௌப் அளவுகோலில் நீர்மட்டம் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றருக்கு இறங்கியது. அது ஆற்றின் முழு ஆழத்தைக் குறிப்பதன்று. கலஞ்செல்லும் வழி அதனிலும் ஒரு மீற்றரளவு ஆழமானது. ஆயினும் படகுகள் தம் சுமையின் சிறுபங்கையே ஏற்ற முடிந்தது. அத்தகைய காலத்தில் படகோட்டி சுமையைக் குறைத்துக்கொண்டு மழையை எதிர்பார்த்திருப்பான். குறைந்த நீருக்கென மேலதிகக் கட்டணம் பெறும் வழக்கமும் உண்டு. இறங்குதுறையில் அவன் காத்திருப்பது மழைக்காக அன்று. அவ்வரிசையை வகுத்தவர் மனிதர். அதனை மாற்றக்கூடியவரும் மனிதரே.

கௌப் கோட்டையில் இன்று சுங்கம் கேட்பார் எவருமில்லை. ஆற்றை விடுவிக்க அரசுகள் ஒன்றுகூடி உடன்படிக்கை எழுதின. கரையிலே படகுக்கும் உரிய இடத்தை எழுதிவைக்கும் உடன்படிக்கை இனித்தான் தோன்றவேண்டும். அதுவரை, ஆற்றிற் பெற்ற சுதந்திரத்தின் ஒருபகுதியைப் படகோட்டி துறைமுகத்திலே நாட்களாகச் செலுத்திக்கொண்டிருப்பான்.