சுருளி மலையடியும் ஊட்டத்தூர் வெட்டிவேரும்

கம்பத்திலிருந்து சுருளி அருவியை நோக்கிச் செல்லும் அன்பர்கள் காமயகவுண்டன்பட்டியைப் பெரும்பாலும் பேருந்தின் சன்னல் வழியாகவே கண்டிருப்பர். கிழக்கே மேகமலைத் தொடர். மேற்கே கேரள எல்லையின் மலைகள். இடையே நெல்லும் தென்னையும் வாழையும் திராட்சைப் பந்தல்களும் நிறைந்த பள்ளத்தாக்கு. 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியதால் செழித்த பூமி இது. அவ்வணையைக் கட்டிய பென்னிகுக் துரைக்கு இன்றும் தைத் திருநாளில் பொங்கலிட்டு நன்றி செலுத்துகிறார்கள் இப்பகுதி மக்கள். காமயகவுண்டன்பட்டியில் காந்தியடிகளுக்கே ஒரு கோயில் உண்டு. நீர் கொடுத்தவரையும் விடுதலை தந்தவரையும் தெய்வத்தின் வரிசையில் வைத்துப் போற்றும் மனம் இந்த மண்ணுக்கே உரியது.

ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் சுருளித் தீர்த்தத்தில் நீராடி, முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்து, சுருளி வேலப்பரையும் குகையில் எழுந்தருளியுள்ள கைலாசநாதரையும் தரிசிக்க மக்கள் திரள்கின்றனர். அந்தக் கூட்டத்தில் ஆண்டு தவறாமல் கலந்துகொள்பவர் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர். வயது 68. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தம் வீட்டில் குழந்தை பிறந்ததுபோல் தெருவெங்கும் இனிப்பு வழங்கியவர். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்த கொடி என்பார்கள் அதனை. அந்தக் கொடியின் அடியில் குனிந்து குனிந்தே அவருடைய முழங்கால்கள் தேய்ந்தன. வலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரைகளை ஏறக்குறைய 12 ஆண்டுகள் விழுங்கியிருக்கிறார். வலி மாத்திரைதானே என்று வீட்டாரும் கேட்டதில்லை, கடைக்காரரும் கேட்டதில்லை.

கண்புரை அறுவைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் வெளிவந்தது. கிரியேட்டினின் 2.8. கண் மருத்துவர் அறுவையைத் தள்ளிவைத்து, முதலில் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொன்னார். பெரியவருக்கு வியப்பு. சிறுநீர் நன்றாகத்தானே போகிறது! மாலையில் கணுக்கால் வீங்குவதை வயோதிகம் என்றும், சிறுநீரில் நுரை நிற்பதைச் சூடு என்றும் எண்ணியிருந்தார். சிறுநீரகத்தின் இயல்பே இதுதான். பாதிக்குமேல் பழுதான பின்னும் அது முனகுவதில்லை. கணக்கில் இருப்பு கரைவது தெரியாமல் காசோலை கொடுத்துக்கொண்டே இருப்பவனின் நிலைதான் நோயாளிக்கும்.

அடுத்து நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. பல குடும்பங்களில் இதுவே நடக்கிறது. உறவினர் ஒருவர், 'வாழைத்தண்டுச் சாறு குடித்தால் சிறுநீரகம் கழுவிவிட்டாற்போல் ஆகிவிடும்' என்றார். தினம் இரண்டு டம்ளர் உள்ளே சென்றது. மற்றொருவர் அழைத்துச் சென்ற இடத்தில் வேர்ப் பொடி ஒன்றைக் கொடுத்து, ஆங்கில மருந்து எதையும் தொடாதே என்று எச்சரித்தார்கள். இரத்த அழுத்த மாத்திரையும் நின்றுபோயிற்று. பிறகு ஒரு நகரத்தில் பெரிய பலகை கண்டு நுழைந்த மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, கல் இல்லை, அறுவை தேவையில்லை என்று மகிழ்ச்சியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களிடம் பிழையில்லை, அவர் போய் நின்ற வாசல்தான் வேறு. கல், அடைப்பு, புராஸ்டேட் வீக்கம் முதலியவற்றைக் கத்தி கொண்டு தீர்ப்பவர் சிறுநீரியல் அறுவை மருத்துவர், அதாவது யூராலஜிஸ்ட். சல்லடையே பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்கப்படாமல் தேங்கும் நோயை மருந்தால் பராமரிப்பவர் நெஃப்ராலஜிஸ்ட். இரண்டு பலகைகளிலும் சிறுநீரகம் என்ற சொல்லே இருப்பதால், படித்தவர்களும் வாசல் மாறிப் போகிறார்கள்.

நான்கு மாதங்கள் இவ்வாறு கழிந்தன. கிரியேட்டினின் 3.4 ஆயிற்று.

இங்கே வீரபாண்டி கௌமாரியம்மனை நினைக்காமலிருக்க முடியவில்லை. தேனிக்கு அருகே முல்லையாற்றங்கரையில் சித்திரைத் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கையே திரட்டும் அன்னை அவள். பார்வையிழந்த வீரபாண்டிய மன்னன் அம்மனையும் கண்ணீசுவரமுடையாரையும் வழிபட்டு இழந்த ஒளியைத் திரும்பப் பெற்றான் என்பது தலவரலாறு. பெரியவரின் மனைவி அவ்வாண்டு வீரபாண்டியில் அக்கினிச் சட்டி எடுத்தார். 'சரியான வைத்தியர் வாசலைக் காட்டு தாயே' என்பதே அவர் வைத்த வேண்டுதல். நோயைத் தீர்த்துவிடு என்று கூட அவர் கேட்கவில்லை. எத்தனை நிதானமான பிரார்த்தனை!

அந்த வாசல் க.விலக்கில் திறந்தது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றபின் ஓர் இளம் மருத்துவர், மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனைத் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, 'ஐயா, இது நாள்பட்ட சிறுநீரக நோய். இதற்கென்று படித்தவர் மதுரையில் இருக்கிறார், எழுதித் தருகிறேன்' என்றார். 2022-இல் தேனிக்கு மீண்டும் வந்த மதுரை ரயிலில், மறுவாரமே தம்பதியர் ஏறிவிட்டனர்.

மதுரை மருத்துவர் முதலில் இரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், பொடிகளையும், எண்ணெய்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மேசையில் அவற்றைப் பரப்பி, வலி மாத்திரை அட்டையைத் தனியே எடுத்து வைத்தார். வேர்ப் பொடியை முகர்ந்து பார்த்து, இதில் என்ன கலந்திருக்கிறது என்று கொடுத்தவருக்காவது தெரியுமா என்று கேட்டார். பிறகு பழைய தாள்களிலிருந்து கிரியேட்டினின் அளவுகளைத் தேதி வாரியாக ஒரே பக்கத்தில் எழுதி, வடிகட்டும் திறனைக் கணக்கிட்டார். முதலில் 24 ஆக இருந்தது இப்போது 20-ஐ ஒட்டி நிற்கிறது; 15-க்குக் கீழே இறங்கினால் கடைசி நிலை; இப்போது நான்காம் நிலையில் இருக்கிறீர்கள் என்று படம் போட்டுக் காட்டினார். இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் கசியும் ஆல்புமின் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

'முழுசா குணமாயிடுமா டாக்டர்?' என்று கேட்டார் அம்மையார்.

'இல்லைம்மா. போனது போனதுதான். மிச்சமிருப்பதை எத்தனை ஆண்டு காப்பாற்றலாம் என்றுதான் இனி பார்க்க வேண்டும். அதற்கு நிறைய வழி இருக்கிறது.'

குணமாக்கிவிடுவேன் என்று 48 நாள் கெடு கொடுத்தவரிடம் மகிழ்ச்சியோடு திரும்பிய அதே குடும்பம், இல்லை என்று சொன்னவரிடம்தான் நிம்மதியோடு திரும்பியது. நல்ல மருத்துவருக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? கேட்க நேரம் கொடுப்பது, தெரிந்ததைத் தெளிவாகவும் இயலாததை மறைக்காமலும் சொல்வது, கைபேசி எண்ணைவிட முக்கியமாக அடுத்து எப்போது வரவேண்டும் என்ற தேதியை எழுதிக் கொடுப்பது. பட்டங்களின் நீளம் அதற்கப்புறந்தான்.

'என்னோடதுல ஒண்ணை எடுத்து இவங்களுக்கு வைச்சுடுங்க' என்றார் அம்மையார் எழும்போது. மருத்துவர் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சுக்கு வேளை வரலாம், அப்போது உங்களையும் முழுமையாகப் பரிசோதிப்போம் என்றார். பெரியவர் அன்று மாலை ரயிலில் திராட்சை விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாராம்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் வெற்றிகரமாக நடந்த சிறுநீரக மாற்று அறுவை இந்தியாவுக்கே வழிகாட்டியது. இன்று டயாலிசிஸ் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் போகாமலே தடுப்பதில் தம் கவனத்தைச் செலுத்தியவர் சென்னையின் முதுபெரும் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியளித்து, வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கவும், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் உள்ளனவா என்று எளிய சோதனை செய்யவும், கண்டறிந்தவர்க்கு விலை குறைந்த மருந்துகளைக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். ஆண்டுக்கு ஒருவருக்கு ஆகும் செலவு ஓர் அர்ச்சனைத் தட்டின் விலைகூட இராது. பெரியவர்கள் தம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் இத்தகைய பரிசோதனைக்கும் ஒரு பந்தல் போட்டால் என்ன?

இனி ஊட்டத்தூர். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் பிரிந்து உள்ளே சென்றால் சுத்தரத்தினேசுவரர் ஆலயம். அம்பிகை அகிலாண்டேசுவரி. இங்குள்ள பஞ்சநதன நடராசருக்கு வெட்டிவேர் மாலை சாற்றி அர்ச்சித்து, அந்த வெட்டிவேரைப் பிரம்ம தீர்த்தத்தில் ஊறவைத்து 48 நாட்கள் பருகுவது சிறுநீரகப் பிணியாளர்களின் பிரார்த்தனை. தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் கையில் கோப்போடும் கண்ணில் ஏக்கத்தோடும் வருவோரை அச்சந்நிதியில் காணலாம். டயாலிசிஸ் முடிந்த கையின் கட்டோடு நிற்பவரும் உண்டு.

போகலாமா என்று பெரியவர் மருத்துவரிடமே கேட்டார். போய் வாருங்கள், ஆனால் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். கால் வீக்கம் இருப்பதால் ஒரு நாளைக்கு நான் சொன்ன ஒன்றேகால் லிட்டருக்குள் அந்தத் தீர்த்தமும் அடங்க வேண்டும் என்றார் அவர். சந்நிதியில் அருச்சகரிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது, 'தீர்த்தம்னா உத்தரணி அளவு போதுமே, குடம் குடமாவா குடிக்கணும்?' என்று அவர் கையில் மூன்று முறை வார்த்தார். ஆகமம் அறிந்தவருக்கும் மருத்துவம் அறிந்தவருக்கும் இடையே அன்று ஒரு முரணும் இல்லை.

பிரசாத விஷயத்தில்தான் பக்தர்களுக்குச் சோதனை. புளியோதரையில் உப்பு, பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் பேரீச்சையும், கோடைக்கு இளநீர். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே தடுமாறும். இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் எல்லார்க்கும் அமிர்தம், இவர்களுக்கு அல்ல. உப்பு ஆகாது என்று சோடியம் குறைந்த உப்பை வாங்குவோர் அதில் இருப்பது பொட்டாசியம் என்பதை அறிவதில்லை. காய்களை நறுக்கி வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுவது ஓரளவு உதவும். நிர்ஜல ஏகாதசி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னபோது அம்மையார் தாமே அந்த விரதத்தை ஏற்றுக்கொண்டார். பள்ளத்தாக்கின் பழங்களில் பெரியவருக்கு அளவோடு அனுமதி கிடைத்தது திராட்சைக்கு. பொட்டாசியம் குறைந்த கனிகளில் ஒன்று அது. உலர்திராட்சை மட்டும் கூடாது. தம் தோட்டம் தம்மைக் கைவிடவில்லை என்று அன்று அவர் அழுதுவிட்டாராம்.

இப்போது ஒன்றரை ஆண்டாகிறது. கிரியேட்டினின் 3.3-க்கும் 3.6-க்கும் இடையே நிற்கிறது. இடக்கையில் ஊசி குத்தவும் இரத்தம் எடுக்கவும் அவர் யாரையும் விடுவதில்லை. டயாலிசிஸ் வேண்டிவந்தால் இரத்தக்குழாய் இணைப்பு அந்தக் கையில்தான் அமைய வேண்டும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார். கண்புரை அறுவையும் முடிந்தது.

சென்ற தை அமாவாசையன்று சுருளியில் தர்ப்பணம் முடித்து, வேலப்பர் சந்நிதிப் படியில் அமர்ந்திருந்தார். அருகில் அம்மையார். பையில் கோடு போட்ட நீர்ப் புட்டி. அதில் காலைக்கு உரியது கால் பங்கு மிச்சம். தீர்த்தப் பாத்திரத்தோடு வந்த அருச்சகரிடம் உள்ளங்கையைக் குவித்து நீட்டியவர், 'கொஞ்சமா' என்றார்.