ஹவுள் நீரும் குளத்து நீரும்



நாகர்கோவிலை அடுத்த எங்கள் ஊர் மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹின் தூய்மைப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அதில் தண்ணீர்தான் முதல் பாடம். இரண்டு குல்லத், அதாவது ஏறக்குறைய 200 லிட்டர் நீரில் அசுத்தம் விழுந்தாலும், நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை அது தூய நீரே. ஓடும் இரத்தமில்லாத ஈ, எறும்பு போன்றவை தாமாக விழுந்து செத்தால் நீர் அசுத்தமாகிவிடாது. மார்க்கம் அதை மன்னித்திருக்கிறது.

அண்மையில் இப்பாடம் நடந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "உஸ்தாத், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தண்ணியில கலந்திருக்குன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. அதுல உளூ கூடுமா?" என்று கேட்டார். "கூடும். பிளாஸ்டிக் நஜீஸ் இல்லை" என்றேன். அவர் உட்காரவில்லை. "அப்போ அந்தத் தண்ணியிலேயே கிடக்க பூச்சிக்கு?"

என்னிடம் விடையில்லை. "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். படித்ததை உங்களுடனும் பகிர்கிறேன்.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களே நுண்பிளாஸ்டிக் எனப்படுகின்றன. 2004ஆம் ஆண்டு ரிச்சர்ட் தாம்சன் என்ற ஆங்கிலேய அறிஞரின் கடலாய்வுக்குப் பிறகு இச்சொல் பரவலாயிற்று. வெயிலில் நொறுங்கும் பையும், பாலியஸ்டர் துணியைத் துவைக்கும்போது உதிரும் இழையும் இதில் அடங்கும். இது கடலோடு நிற்கவில்லை. கேரளத்தின் வேம்பநாட்டு ஏரி வண்டலில் இருப்பதாக 2017இல் ஆய்வு வெளியானது. நம் மாநிலத்து வீராணம் ஏரியில் இருப்பதாக 2021இல் வெளியானது.

குளங்களில் டாஃப்னியா என்றொரு சிற்றுயிர் வாழ்கிறது, நீர்த்தெள்ளு என்பர். இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். உடல் கண்ணாடி போன்றது. உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் இதயம் துடிப்பதும், குடலில் பச்சைப் பாசி நிறைந்திருப்பதும் தெரியும். கால்களை ஓயாமல் அசைத்து, நீரை வடிகட்டி, மிதக்கும் நுண்பாசியை உண்கிறது. வருவது பாசியா வேறு துகளா என்று பிரித்தறியும் ஆற்றல் அதற்குப் பெரிதும் இல்லை. ஆய்வகங்களில் நுண்பிளாஸ்டிக் கலந்த நீரில் விடப்பட்டபோது துகள்கள் அதன் குடலில் சேர்ந்தன. துகள் மிகுந்த நீரில் பல ஆய்வுகளில் அது உணவு கொள்வதும் குறைந்தது, ஈனும் குஞ்சுகளும் குறைந்தன. குடல் நிறைந்தும் பட்டினி கிடக்கும் நிலை அது.

நீர்த்தெள்ளைச் சிறுமீன் உண்கிறது. மீனைப் பறவையும் நாமும் உண்கிறோம். 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட நம் சுசீந்திரம் தேரூர்க் குளங்களுக்கு வரும் நாரைகளின் உணவும் இத்தகைய சிற்றுயிர்களிலிருந்தே தொடங்குகிறது.

இதைப் படித்தபோது என் நினைவு சென்ற ரமலானுக்குப் போயிற்று. நோன்புக் கஞ்சிப் பொறுப்பு என்னுடையது. பாத்திரம் கொண்டுவராதவர்களுக்குப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிக் கொடுத்தோம். இஃப்தாருக்குப் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப். 2019 ஜனவரி முதல் இவை தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை என்பது எனக்குத் தெரியும். கழுவும் வேலை மிச்சம் என்று சொன்னவனும் நானே. குப்பை வாய்க்கால் கரையில் குவிந்தது. பெருநாள் கழிந்து சில வாரங்களில் ஒரு கோடை மழை கொட்டியது. மறுநாள் காலை கரை துப்புரவாக இருந்தது. "மழையே கழுவிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். குப்பை எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அந்த வாய்க்கால் பழையாற்றில் சேர்கிறது. பழையாறு மணக்குடியில் கடலில் கலக்கிறது.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தம்மைக் கடித்த ஓர் எறும்புக்காக எறும்புக் கூட்டத்தையே எரித்துவிட்ட முற்கால நபி ஒருவரை அல்லாஹ் கண்டித்த செய்தியையும் நமக்கு அறிவித்தார்கள். அக்கூட்டம் அல்லாஹ்வைத் துதிக்கும் ஓர் உம்மத் என்பதே அக்கண்டிப்பின் காரணம். இவற்றையெல்லாம் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆயினும் சிற்றுயிர் விழுந்தால் நம் நீர் கெடுமா என்று மட்டுமே இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்தேன். அவற்றின் நீர் நம்மால் கெடுமா என்று கேட்க ஒரு சிறுவர் வர வேண்டியிருந்தது.

மறுவாரம் வகுப்பில், கரையில் குப்பை சேர்த்ததை மறைக்காமல் சொன்னேன். "உளூ கூடும் என்பது சரியான விடை. ஆனால் நீரைக் குறித்து அல்லாஹ் நம்மிடம் கேட்கும் கேள்வி உளூவோடு முடிவதில்லை" என்றேன். ஜமாஅத்தில் பேசினோம். வரும் ரமலானில் கஞ்சிக்கு அவரவர் வீட்டுத் தூக்குப் பாத்திரம். இஃப்தாருக்கு எவர்சில்வர் டம்ளர். என் சிறுவயதில் அப்படித்தான் இருந்தது. யார் கழுவுவது என்று சிலர் கேட்டார்கள். முதல் வாரம் நான் கழுவுவதாக ஒப்புக்கொண்டேன். இரண்டாம் வாரத்திற்கு அந்த மாணவர் பெயர் கொடுத்திருக்கிறார்.

மழை கொண்டுபோனதைத் திரும்ப எடுக்க என்னால் இயலாது. அதற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன். நம் கண்ணுக்குத் தெரியாத படைப்புகளுக்கும் தீங்கு செய்யாதவர்களாக வாழ வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.